கிழக்கே ஒன்றா, இரண்டா

ஸ்தோர்விக்
மார்ச் 1, 1980

அல்கோட்,

தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீதான் என்று தெரியும். எடுக்க மாட்டேன். அந்தக் கருவிக்குள் இனி உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. வீஸ்பியில் இன்று போட்டால் நாளைக்கு இங்கே வந்துவிடப் போகிறது. தீவு ஒன்றும் அவ்வளவு பெரிசில்லை.

பொத்வித் இன்னும் கிடைக்கவில்லை. இன்றோடு நாலு நாள். மீட்புப் படகை எடுத்துக்கொண்டு ஹென்னிங் இன்று காலையும் ஆட்களோடு போய்விட்டு வந்தான். ஒரு மீன்பெட்டி கிடைத்தது, எங்கள் எண் போட்டது. அதை வாசலில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். "தண்ணி ரெண்டு டிகிரிதான் இருக்கு, குன்னெல்," என்றான்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். புதன்கிழமை மாலை ஆறே காலுக்கு உன்னோடு பேசினேனே, அதை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து. தப்பு கண்டுபிடிப்பது உனக்குப் பிடித்த வேலைதானே.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் கிழக்கே கடலுக்கு மேல் சிவப்பாக ஒரு வெளிச்சம். என் புருஷன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று காலையில் தனியாகத்தான் போனான், ஆனால் வலை போட்டிருந்தது தெற்கே, முனைக்கு அப்பால். ஏழு மணிக்குத்தான் வருவான். தொலைபேசிக்கு மேலே ஹென்னிங் ஒட்டிய காகிதம் இருந்தது. "வானத்தில் வெளிச்சமா? முதலில் அல்கோட். அப்புறம் நாங்கள்." இந்தத் துறையில் அது ஒட்டாத வீடு கிடையாது. போன வருஷம் ஜனவரியில் விடியற்காலை வெள்ளிக்கிரகத்தைப் பார்த்து, கப்பல் எரிகிறது என்று இரண்டு தடவை படகை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதில்தான் ஹென்னிங்குக்கு ஒரு விரல் போனது. கிரகத்தை மீட்கப் போன வீரர்கள் என்று பத்திரிகையில் எழுதி ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு ஒட்டிய அந்தக் காகிதத்தில் உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும்.

"அண்ணா, கிழக்கே சிவப்பா ஒண்ணு தெரியுது. கடலை ஒட்டி."

"செவ்வாய்டி அது. இந்த மாசம் பூரா அங்கேதான் நிக்கும். பேப்பர்ல எழுதியிருந்தேனே, படிக்கலியா?"

"படிச்சேன். நடுவுல அணைஞ்ச மாதிரி ஆகி மறுபடி வந்துச்சு."

"மேகம் குறுக்கே போயிருக்கும். நீ பாட்டுக்கு ஹென்னிங்கைக் கிளப்பிவிட்டுறாதே. பாவம், மிச்சம் ஒம்பது விரல்தான் வச்சிருக்கான்."

உனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சமையல்கட்டு விளக்கை அணைச்சிட்டுப் பாரு. இன்னும் நல்லாத் தெரியும்."

வைத்துவிட்டேன். விளக்கை அணைத்தேன், பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அது மறைந்தது. மேகம் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கைப் போட்டுக் கிழங்கை அடுப்பில் வைத்தேன். ஏழு மணிக்குக் காற்று திரும்பியது. ஒன்பது மணிவரை பார்த்துவிட்டு ஹென்னிங்கைக் கூப்பிட்டேன், அப்புறம் உன்னையும்.

அது செவ்வாய்தான் என்று எழுது. ஒரு வரி போதும், ஆறுதல் எல்லாம் வேண்டாம். அது செவ்வாய் இல்லை என்றால் நான் பார்த்தது என்ன என்று யோசிக்க வேண்டிவரும், என்னால் முடியாது.

குன்னெல்

*

வீஸ்பி
மார்ச் 3, 1980

என் குன்னெல்,

முதலில் நீ கேட்ட வரி. அது செவ்வாய்தான். சந்தேகமே வேண்டாம்.

நீ ஒரு வரி போதும் என்றாய், என்னால் ஒரு வரியோடு நிறுத்த முடியாது என்பது உனக்குத் தெரியும். செவ்வாய் இப்போது பூமிக்குக் கிட்டே வந்திருக்கிறது, அதனால்தான் அத்தனை சிவப்பு, அத்தனை வெளிச்சம். மாலை ஆறு மணிக்குத்தான் கடலைவிட்டு மேலே வருகிறது. ஆறே காலுக்குத் தண்ணீரை ஒட்டித்தான் நிற்கும். அவ்வளவு தாழ்வாக நிற்கும் எதுவும் நடுங்கும், மங்கும், திரும்ப ஒளிரும். ஆகவே நீ பார்த்தது, கேட்டது, நான் சொன்னது எல்லாம் சரி. நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். பார்த்தாய், விசாரித்தாய். அதற்கு மேல் யாரும் செய்திருக்க முடியாது.

இனி அந்த ஜன்னலிலிருந்து எழுந்து வந்துவிடு.

பொத்வித்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போன அக்டோபரில் நான் வந்தபோது என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனானே, ஞாபகம் இருக்கிறதா? சிகரெட் பற்றவைக்க ஒரு தீக்குச்சியை நடுவில் பிளந்து, பாதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். "இன்னொரு தடவைக்கு ஆகும்ல," என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருட்டின பிறகு துறைக்குள் திரும்பும்போது உங்கள் சமையலறை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. "பாத்துட்டா," என்றான் பொத்வித். "இனி அவசரமில்ல. கிழங்கு அடுப்புல ஏறிடுச்சு." அம்மாவும் அப்பாவுக்கு அப்படித்தான் செய்வாள். நம் துறையில் எல்லாப் பெண்களும் செய்வதுதான், ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தபோது, என் தங்கையை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

சனிக்கிழமை பஸ்ஸில் வரட்டுமா? உன் அண்ணி ஈபாவும் வருகிறேன் என்கிறாள். ஏதாவது சாப்பிடு. தொலைபேசியை எடு.

கடிதத்தில் நீ என்னை அண்ணா என்று எழுதவில்லை. கவனித்தேன். சொல்லிக்காட்டவில்லை, கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அல்கோட்

*

ஸ்தோர்விக்
மார்ச் 6, 1980

அல்கோட்,

வராதே. ஈபாவையும் கூட்டிக்கொண்டு வராதே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நான் காப்பி போட வேண்டியிருக்கும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். திங்கட்கிழமை எழுதியது செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று இரவு தூங்கினேன், பொய் சொல்லவில்லை, ஆறு மணி நேரம் தூங்கினேன். காலையில் சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் உன் பிப்ரவரிக் கட்டுரை ஒட்டியிருக்கிறது. எல்லா மாதமும் வெட்டி ஒட்டுவேன். பொத்வித் கிண்டல் பண்ணுவான், "உங்க அண்ணன் வானத்துக்கே வாடகை கட்டறாரா?" என்பான்.

நீ எழுதியதை உனக்கே எழுதி அனுப்புகிறேன்.

"மாலை இருட்டத் தொடங்கியதும் கிழக்கே பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து நிற்பார்கள். வெள்ளையாகப் பெரிதாக இருப்பது வியாழன். அதற்கு மேலே இடப்பக்கம், கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் தள்ளி, சிவப்பாக இருப்பது செவ்வாய். சூரியன் இறங்குவதற்கு முன்பே இருவரும் ஏறிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் ஆறு மணிக்குக் கடலிலிருந்து ஒரு முஷ்டி உயரம் தாண்டியிருப்பார்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் இன்னொரு தடவை பாருங்கள்."

எனக்கு எழுதியபோது ஆறு மணிக்குத்தான் மேலே வருகிறது என்கிறாய். ஊருக்கு எழுதியபோது சூரியன் இறங்கும் முன்பே என்கிறாய். எது சரி?

நேற்று வானம் சுத்தமாக இருந்தது. ஆறே காலுக்கு முற்றத்தில் போய் நின்றேன். சமையலறை விளக்கை அணைக்கவில்லை, அவன் வருகிறவரை அது எரியட்டும். நீ எழுதுகிற மாதிரி கையை நீட்டி முஷ்டி வைத்து அளந்தேன். இரண்டு பேரும் இருந்தார்கள். வலைக்கொட்டகைக் கூரைக்கு நன்றாக மேலே, ஒன்றரை முஷ்டிக்கும் கூடுதலாக. ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முந்தி ஏறும் என்று நீதானே எழுதுவாய். ஒரு வாரத்துக்கு அரை மணி நேரம், அதற்கு அரை முஷ்டியைக் கழித்தேன். அப்போதும் ஒரு முஷ்டி நிற்கிறது. அப்போதும் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

நான் அன்றைக்குப் பார்த்தது கொட்டகைக் கூரைக்குக் கீழே. கொட்டகைக்கும் துறை விளக்குக் கம்பத்துக்கும் நடுவில், தண்ணீரிலிருந்து ஒரு விரல் உயரம் இருந்தால் அதிகம். பக்கத்தில் வெள்ளையாக எதுவும் இல்லை.

அல்கோட், நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி சொல். வியாழன் எங்கே போனது? மேகத்துக்குள் போயிருக்குமா? அன்றைக்கு மேகம் இருந்ததா என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. கிழங்குதான் ஞாபகம் வருகிறது. மேகம் என்றால் மேகம் என்று எழுது. நம்பிவிடுகிறேன். உன்னைக் கெஞ்சுகிறேன், ஒரு மேகம் கொடு.

குன்னெல்

*

வீஸ்பி
மார்ச் 8, 1980

குன்னெல்,

மேகம்தான்.

நேரத்தை நான் தப்பாக எழுதிவிட்டேன். ஏப்ரல் மாதக் குறிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தேன், அந்தக் குழப்பத்தில் கைதவறி விழுந்த எண். கட்டுரையில் இருப்பதே சரி. ஆனால் அதனால் எதுவும் மாறவில்லை. புதன்கிழமை கிழக்கே துண்டு துண்டாக மேகம் இருந்திருக்கும். ஒரு துண்டு வியாழனை மறைத்திருக்கும், இடைவெளியில் செவ்வாய் மட்டும் தெரிந்திருக்கும். அணைந்து மறுபடி வந்தது என்றாயே, அதுவே மேகத்துக்கு அத்தாட்சி.

உயரத்தைப் பற்றி. முப்பது வருஷம் நில அளவை அலுவலகத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், நினைவிலிருந்து உயரம் சொல்கிறவர்களை நம்பக் கூடாது. வேலியின் உயரம் கேட்டால் பாதி சொல்வார்கள். நீ கிழங்கு உரித்துக்கொண்டு, குனிந்தபடி, விளக்கு எரிகிற அறைக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாய். ஒரு முஷ்டி ஒரு விரலாகக் குறைந்துபோவது பெரிய அதிசயமில்லை.

தயவுசெய்து முற்றத்தில் நிற்காதே. குளிரில் நின்று நின்று நீயும் படுத்துவிடப் போகிறாய்.

பதினேழாம் தேதி துறை அலுவலகத்தில் விசாரணை வைத்திருக்கிறார்களாம். ஹென்னிங் கூப்பிட்டிருந்தான், நான் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேன். அவன் ஒரு காகிதம் கொண்டுவருவான். சம்பிரதாயம்தான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. அதோடு இது முடியட்டும், நீ அமைதியாக இரு.

ஏப்ரல் கட்டுரையை அனுப்பவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரி வரவில்லை. ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டார், உடம்பு சரியில்லை என்று ஈபா சொல்லிவிட்டாள்.

உன் அண்ணன்,
அல்கோட்

*

ஸ்தோர்விக்
மார்ச் 12, 1980

அல்கோட்,

திங்கட்கிழமை படகு கிடைத்தது. வடக்கே பாறைத்திட்டில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. எஞ்சின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்கிறார்கள். தெற்கேயிருந்து வடக்கே. அதாவது என் ஜன்னலுக்கு நேராக, கிழக்கே, அவன் கடந்து போயிருக்கிறான்.

நேற்று ஹென்னிங் அந்த விசாரணைக் காகிதத்தைக் கொண்டுவந்தான். உட்காரச் சொன்னேன். மேஜையில் விரித்துப் படித்துக் காட்டினான். நான் அன்றைக்கு உன்னிடம் "சிவப்பாக ஒன்று, அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று" என்று சொன்னதாக அதில் இருந்தது.

"யார் சொன்னா இதை?" என்று கேட்டேன்.

"அல்கோட்தான். நீ ரெண்டுன்னு சொன்னியாம். அதனாலதான் கிரகம்னு சொன்னாராம்."

"நான் ஒண்ணுன்னுதான் சொன்னேன்."

ஹென்னிங் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தான். பிறகு, "நல்லா யோசிச்சுச் சொல்லு, குன்னெல். அன்னைக்கு நீ பதட்டத்துல இருந்திருப்ப," என்றான்.

பதட்டமா? நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அதைவிட நிதானமாக என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை. கையெழுத்துப் போடவில்லை.

உன் மேகத்தையும் யோசித்துப் பார்த்தேன். மேகம் இருந்ததுதான், இப்போது ஞாபகம் வந்துவிட்டது. நீ சொன்னபடி விளக்கை அணைத்தேனே, அப்போது சமையலறை மைக்கருப்பாக ஆனது. திரும்பப் போட சுவிட்ச் அகப்படவில்லை, சுவரைத் தடவித் தடவித் தேடினேன். மார்ச் முதல் தேதி பௌர்ணமி. அதுவும் உன் கட்டுரையில்தான் இருக்கிறது. பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், ஆறே கால் மணிக்கு, நிலா எங்கள் முற்றத்தின் மேல் உச்சிக்குப் பாதி தூரம் ஏறியிருக்க வேண்டும். தரையில் ஒரு பொட்டு வெளிச்சம் விழவில்லை. வானம் முழுக்க மூடியிருந்தது, அல்கோட். நிலாவையே விழுங்கிய மேகம் செவ்வாய்க்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்துவிட்டதா?

நீ என்னைவிட நன்றாக இதையெல்லாம் அறிந்தவன். நான் உன் கட்டுரைகளை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் கண்டுபிடித்ததை நீ எப்போது கண்டுபிடித்தாய்? அதை மட்டும் எழுது. பொய் எழுதினால் இனி என் பெயரை உன் வாயால் சொல்லாதே.

குன்னெல்

*

வீஸ்பி
மார்ச் 13, 1980

குன்னெல்,

நாலு நிமிஷத்தில் கண்டுபிடித்தேன்.

இதை எழுத நான்கு தாள் கிழித்துவிட்டேன். ஐந்தாவதில் எது வருகிறதோ அதை அனுப்புகிறேன், இல்லையென்றால் அனுப்பவே மாட்டேன்.

அன்றைக்கு ஈபாவின் பிறந்தநாள். அலுவலகத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். குங்குமப்பூ அப்பம் சுட்டிருந்தாள், எல்லோரும் மேஜையில் இருந்தோம். தொலைபேசி கூடத்தில், எல்லார் காதிலும் விழும். நான் பேசியது உன்னோடு மட்டும் இல்லை. ஒன்பது விரல் என்று சொன்னது உனக்காக இல்லை, அவர்கள் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

கூடத்து ஜன்னல் மேற்கே பார்த்தது. உன்னோடு பேசும்போது வெள்ளிக்கிரகம் அதில் பளிச்சென்று இருந்தது. எனக்கு வானம் திறந்திருந்ததால் உனக்கும் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். தீவு ஒன்றும் பெரிசில்லை என்று நீயும் எழுதினாயே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, "என் தங்கச்சி செவ்வாயைப் பிடிச்சிட்டா," என்றேன். எதிரே இருந்த கணக்கர் லுண்டின் என் கட்டுரையைத் தவறாமல் படிக்கிறவர். "ஒண்ணுதானா? ரெண்டு பேரும் சேர்ந்து நிப்பாங்கன்னு எழுதியிருந்தீங்களே," என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

நீ ஒண்ணு என்று சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. கடலை ஒட்டி என்று சொன்னது காதில் விழுந்தது. அணைஞ்ச மாதிரி ஆகி மறுபடி வந்துச்சு என்று சொன்னது விழுந்தது. கிரகம் அணையாது, குன்னெல். அதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எழுந்து கூடத்துக்குப் போனேன். கருவியின் மேல் கை வைத்தேன். ஹென்னிங்கின் எண் எனக்கு மனப்பாடம். கை வைத்துக்கொண்டு நின்றேன். அது வெறும் கப்பல் விளக்காக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். இந்த முறை வெள்ளிக்கிரகத்துக்கு இல்லை, அல்கோட்டுக்காகப் படகு போனது என்று எழுதுவார்கள் என்று யோசித்தேன். வீண் பயணத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறவன் என்றுதானே என் பெயர் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது? உள்ளேயிருந்து ஈபா, "அப்பம் ஆறிப்போகுது," என்று கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பொத்வித் என்று எனக்குத் தெரியாது. அது உண்மை. ஆனால் யாரோ ஒருவன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டு அவன் வரவில்லை என்று சொன்னபோது யார் என்றும் தெரிந்துவிட்டது.

உனக்கு எழுதிய பொய் உனக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் வெளிச்சம் காட்டி உதவிக்குக் கூப்பிட்டதை நீ பார்த்தாய் என்று தெரிந்தால் நீ எப்படி உயிரோடு இருப்பாய் என்று பயந்தேன். ஹென்னிங்கிடம் சொன்ன பொய்யை அப்படிச் சொல்ல முடியாது. அது என் தோலைக் காப்பாற்ற. உன் தலையில் தூக்கி வைத்தேன். அறுபது வயதில் என் தங்கை தலையில்.

திங்கட்கிழமை விசாரணையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீ சொல். நடந்ததைச் சொல் என்றால் சொல்கிறேன், லுண்டின் கேட்டது வரைக்கும். உனக்கு மேகம்தான் வேண்டும் என்றால், அந்த மேகத்தை நான் சாகிறவரை சுமக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அல்கோட்

*

ஸ்தோர்விக்
மார்ச் 14, 1980

அண்ணா,

உன் கடிதம் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் ஹென்னிங் வந்துவிட்டுப் போனான். படகின் முன்னறையில் கட்டியிருந்த தகர டப்பாவைக் கொண்டுவந்தான், ஆபத்துக்குக் கொளுத்துகிற சிவப்புத் தீவட்டிகள் வைக்கிற டப்பா. மெழுகுத் துணி சுற்றி மூடியிருந்ததால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஆறு வைக்கிற டப்பாவில் நாலு இருந்தது.

ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் எரியுமாம். நான் பார்த்தது ஒன்று அணைந்து இன்னொன்று. செவ்வாய் மேகத்துக்குள் போய் வந்ததே, அது அவன் இரண்டாவதைப் பற்றவைத்த நேரம்.

ஹென்னிங்குக்கு ஒன்று புரியவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டை அடுத்தடுத்துக் கொளுத்தியிருக்கான். அப்புறம் நிறுத்திட்டான். துணியைக்கூட ஒழுங்காச் சுத்தி மூடியிருக்கான். ஏழு மணிக்குத்தானே காத்து திரும்புச்சு, அதுலதான் படகு கவுந்திருக்கும், அதுக்கு முன்னால முக்கால் மணி நேரம் இருந்திருக்கு. ஏன் நிறுத்தினான்? நாலும் காஞ்சு கிடக்கு, குன்னெல். விசாரணையில இதைத்தான் கேப்பாங்க."

"தெரியலியே," என்றேன்.

எனக்குத் தெரியும், அண்ணா. அவன் டப்பாவைத் திறந்து காட்டின உடனே தெரிந்துவிட்டது.

நான் அவன் வெளிச்சத்தைப் பார்த்தேன் என்றால் அவனுக்கும் என் ஜன்னல் தெரிந்தது என்றுதானே அர்த்தம்? முதலாவதைக் கொளுத்தினான். என் விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவதைக் கொளுத்தினான். நீ சொன்னாய், நான் விளக்கை அணைத்தேன். நின்று பார்த்தேன், எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அது மறைந்ததும் சுவரைத் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்து விளக்கைப் போட்டேன். அணைந்து, மறுபடி எரிந்தது.

"பாத்துட்டா" என்று சொல்லியிருப்பான்.

அக்டோபரில் உன்னிடம் சொன்ன மாதிரியே சொல்லியிருப்பான். தீக்குச்சியைப் பிளந்து வைக்கிற ஆள், மிச்சத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று துணியைச் சுற்றி மூடிவிட்டான். குன்னெல் பார்த்துவிட்டாள், ஹென்னிங் கிளம்பியிருப்பான், இனி அவசரமில்லை. முக்கால் மணி நேரம் எங்களை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கிழங்கில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ விளக்கை அணைக்கச் சொன்னபோது உனக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நம் வீட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர். அது படகு விளக்குக்குச் செய்கிற பதில், வானத்துக்குச் செய்வதில்லை, அதனால் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மனசு ஏற்கவில்லை.

நேற்று முன்தினம் உன்மேல் இருந்த கோபம் இன்று அதே அளவில் இருக்கிறது. நீ சாப்பிட்ட இரண்டு துண்டு அப்பத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மன்னிப்பு என்று ஒன்று என்னிடம் இருந்தால் முதலில் அது எனக்குத் தேவைப்படுகிறது. உனக்குக் கொடுக்க மிச்சம் இல்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆளும் இல்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல். லுண்டின் கேட்டது, நீ கருவியில் கை வைத்து நின்றது, நான் ஒன்று என்றுதான் சொன்னேன் என்பது. விளக்கைப் பற்றி நான் சொல்கிறேன். ஹென்னிங் ஒட்டின காகிதத்தை எங்கள் சுவரிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மற்ற வீடுகளில் உள்ளதை நீயே போய்க் கதவைத் தட்டிக் கிழி. முப்பத்திரண்டு வீடு இருக்கிறது. இனி யார் எந்த வெளிச்சத்தைப் பார்த்தாலும் முதலில் படகு போகட்டும். வெள்ளிக்கிரகத்துக்காக நூறு தடவை போகட்டும்.

இன்னொரு காரியம். சமையலறை விளக்கு பதினாறு நாளாக எரிகிறது. பகலிலும் அணைக்கவில்லை. வழி தெரிந்து வரட்டும் என்று எரியவிட்டிருந்தேன். இன்றைக்கு அணைத்துவிடலாம் என்று சுவிட்சில் கை வைத்தேன், முடியவில்லை. எங்கேயோ இருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடியும் நம்பிவிடுவான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வா. ஈபா வேண்டாம், நீ மட்டும். வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த விளக்கை நீ அணை. மறுபடி போடாதே.

குன்னெல்